கூரை ஏறிய டயர்கள்

என் முட்டாள்தனத்தை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது சொன்னால் கண்ணு, காது, மூக்கெல்லாம் வைத்துச் சொல்வார்கள், எனக்குத்தான் நஷ்டம்.

கொல்லிமலையில் சுகாதார ஆய்வாளராக இருந்த காலத்தில், ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டைப் பற்றி நான் பேசாத கூட்டமே கிடையாது. மலையின் பெரிய ஊரான செம்மேட்டில் சந்தை நாளன்று பஸ் ஸ்டாண்டில் மைக் பிடித்து, "உங்கள் ஃப்ரிட்ஜின் முதுகைப் பாருங்கள், அங்கேதான் டெங்குக் கொசு குடும்பம் நடத்துகிறது" என்று முழங்கினேன். அந்த வாரக் கடைசியில் எனக்குக் காய்ச்சல். படுத்துக்கொண்டே செம்மேட்டில் உள்ள ஒவ்வொரு வீட்டையும் மனதுக்குள் சந்தேகப்பட்டேன். எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரம்மா என்னைப் பார்க்க வந்தார். தென்கோடியிலிருந்து மாற்றலாகி மலையேறியவர். வயதில் என் மகளைவிடக் கொஞ்சம் மூத்தவர். பெயரை எழுதினால் சண்டைக்கு வருவார், அதனால் டாக்டரம்மா என்றே இருக்கட்டும். ரத்தம் எடுத்தார். பிறகு என் சமையலறைக்குள் போனார். ஃப்ரிட்ஜ் நகரும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் தட்டு. அதற்குள் என் குடும்பத்தைவிடப் பெரிய குடும்பம் ஒன்று நீந்திக்கொண்டிருந்தது.

"சார், பஸ் ஸ்டாண்டுக்குப் போறதுக்கு முன்னாடி இவங்களுக்கு ஒரு கூட்டம் போட்டிருக்கலாம்" என்றார்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கைகள் என்னைப் போன்ற ஓய்வு பெற்றவர்களை ஏதோ முனிவர்கள் மாதிரி பார்க்கிறீர்கள். வேண்டாம். புழுவை எப்படி எண்ணுவது, மருந்தை எப்படிக் கலப்பது, புகை எந்தப் பக்கம் அடிப்பது என்பதையெல்லாம் பயிற்சியில் என்னைவிட நன்றாகச் சொல்லிக் கொடுப்பார்கள். நான் சொல்ல வந்தது, எல்லாம் சரியாகச் செய்தும் தப்பாகப் போவது எப்படி, அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதைத்தான். அந்தப் பாடத்தில் எனக்கு நல்ல அனுபவம்.

காய்ச்சல் பரவப் போவதை முன்கூட்டியே கண்டுபிடிக்க எனக்கு ஒருமுறை பிரமாதமான யோசனை வந்தது. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களை எண்ணினால் காலம் கடந்துவிடும். ஜனங்கள் முதலில் போவது மருந்துக் கடைக்கு. ஆகவே மருந்துக் கடையில் காய்ச்சல் மாத்திரை எவ்வளவு விற்கிறது என்று பார்த்தால், நோய்க்கு முன்னாலேயே நாம் போய் நிற்கலாம். யோசனை இன்றைக்கும் சரிதான். அதைக் கையில் எடுத்தவன்தான் சரியில்லை.

தை மாதம். மாத்திரை விற்பனை திடீரென்று ஏறியது. செம்மேட்டில் கேட்டேன், ஆலத்தூர் நாட்டுப் பக்கம் (இந்த மலையில் நாடு என்றால் சில ஊர்கள் சேர்ந்தது) ஒரு கடையில் கேட்டேன், எல்லா இடத்திலும் ஸ்டாக் காலி. மாவட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டு, "ஐயா, மலை முழுக்கக் காய்ச்சல்" என்றேன். பெரிய அதிகாரியே கிளம்பி வந்தார். பின்னால் மூன்று ஜீப், புகை இயந்திரங்கள், பரிசோதனை ஆட்கள். கொண்டை ஊசி வளைவுகளில் பாதிப் பேர் வாந்தி எடுத்துவிட்டார்கள். மலையில் அன்றைக்கு நோயாளிகள் என்று பார்த்தால் அவர்கள் மட்டும்தான். ஊர் ஊராகப் போனோம். ஒருத்தருக்கும் உடம்பு சுடவில்லை. கடைசியில் மருந்துக் கடைக்காரரிடம் போய் நின்றேன்.

"இத்தனை மாத்திரை யாருங்க வாங்குனாங்க?"

"எல்லாருந்தான் வாங்கறாங்க. மிளகு பறிக்கறாங்கல்ல?"

"மிளகுக்கும் காய்ச்சலுக்கும் என்னங்க?"

"நாள் பூரா ஏணி மேல ஒத்தக் கால்ல நின்னு பாருங்க சார், ராத்திரி உடம்பு என்ன பேசுதுன்னு தெரியும். ஒரு மாத்திரையப் போட்டுட்டுப் படுத்தாத்தான் காலைல மறுபடி ஏணி ஏற முடியும்."

பெரிய அதிகாரி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. எண்ணிக்கை ஏறினால் பயப்படுங்கள், தப்பில்லை. ஆனால் ஜீப்பைக் கூப்பிடுவதற்கு முன் வாங்கியவர் ஒருவரையாவது பார்த்து, "எதுக்கு வாங்குனீங்க?" என்று கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு மாவட்ட அலுவலகத்தில் என் பெயரைச் சொன்னாலே யாராவது ஒருவர் இருமுவார்.

இப்போது டயர் கதைக்கு வருகிறேன். இதைச் சொல்லும்போது கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வளப்பூர் நாட்டில் ஒரு சிற்றூர். ஆனி மாதம். பலாப்பழம் லாரி லாரியாக இறங்கிக்கொண்டிருந்த நேரம். பகலில் வெயில், சாயங்காலம் ஒரு மழை என்று வானம் மாறி மாறி வேலை செய்துகொண்டிருந்தது. திருப்பூரில் வேலை பார்க்கும் ஒரு பையன் காய்ச்சலோடு ஊருக்கு வந்தான். டெங்கு. அது பரவாயில்லை, வெளியூரில் கடிபட்டு வந்திருக்கிறான். இரண்டு வாரம் கழித்து அவன் பக்கத்து வீட்டுக்காரருக்கும் காய்ச்சல். அவரும் டெங்கு. அந்த மனிதர் சந்தைக்குச் செம்மேடு வரை போனதைத் தவிர அந்த வருஷம் மலையை விட்டு இறங்கியதே இல்லை. வெளியே போகாதவருக்கு வந்தால் கொசு உள்ளூர்க் கொசு. அதற்கு அர்த்தம், மூன்றாவது, நான்காவது ஆள் ஏற்கெனவே கடிபட்டாகிவிட்டது.

ஊரைச் சல்லடை போட்டோம். டிரம், தொட்டி, ஆட்டுக்கல், கொட்டாங்குச்சி, பூந்தொட்டி, கோழிக்குத் தண்ணி வைக்கும் சட்டி. எல்லாம் சுத்தம். ஒரு புழு இல்லை. இருக்காது என்று எனக்கு முன்பே தெரியும், ஏனென்றால் அது என் செல்லப் பிள்ளை ஊர். முந்தின வருஷம் நான் ஜீப்பில் மைக் கட்டி அங்கே தெருத் தெருவாகப் போய்ப் பிரச்சாரம் செய்து, ஊரே பளிச்சென்று ஆகி, அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுப் பாராட்டு வாங்கியிருந்தேன். புழு இல்லை, சரி. ஆனால் பட்டப்பகலில் என் வழுக்கைத் தலையில் டெங்கு பரப்புகிற வரிக்கால் கொசு வந்து உட்கார்ந்து கடிக்கிறது. அது எங்கேயோ பிறந்துதானே வந்திருக்க வேண்டும்?

இரண்டாம் நாளும் தேடிக் களைத்து, பழனியம்மா வீட்டு வாசலில் உட்கார்ந்தேன். பழனியம்மா நாற்பதைத் தாண்டியவர். கொஞ்சம் மிளகு, கொஞ்சம் குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி. வீட்டுக்காரர் கேரளாவில் எஸ்டேட் வேலை. ஒரே மகள் கோகிலா தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். ஒன்பதாம் மாதம் பிறந்திருந்தது. டாக்டரம்மா அவளைப் பகலிலும் கொசுவலைக்குள்தான் இருக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார்.

"பாருங்க சார், வலைல மாட்டுன மீனாட்ட உக்காந்திருக்கறேன்" என்றாள் உள்ளேயிருந்து.

பழனியம்மா காப்பி கொடுத்தார். டம்ளரை வாயருகே கொண்டுபோனபோது மேலேயிருந்து சொட்டென்று தண்ணீர் விழுந்தது. மழை இல்லை, வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். இன்னொரு சொட்டு நெற்றியில். கூரைமேல் ஒரு காக்கை இறக்கையைப் படபடவென்று அடித்து உற்சாகமாகக் குளித்துக்கொண்டிருந்தது.

தகரக் கூரைமேல் காக்கை எதில் குளிக்கிறது?

மிளகு பறிக்கிற ஒற்றை மூங்கில் ஏணி சுவரில் சாய்ந்திருந்தது. கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் என்று எங்கள் ஊரில் என்னைப் போன்றவர்களைத்தான் சொல்வார்கள். எனக்குக் கோழி வேண்டாம், காக்கை குளித்த இடம் போதும் என்று ஏறினேன். ஏணி முனகியது. நானும் முனகினேன்.

"ஏனுங்க சார், மேல என்னத்தத் தேடறீங்க? தேன் கீன் இருக்குதுன்னா?" என்றார் பழனியம்மா.

மேலே டயர்கள். தகரம் காற்றில் தூக்கிக்கொள்ளாமல் இருக்க வரிசையாக வைத்த பழைய லாரி டயர்கள். எட்டிப் பார்த்தேன். உள்ளே மழைத் தண்ணீர். அதில் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. தலையைத் தூக்கி ஊரைப் பார்த்தேன். ஒவ்வொரு கூரையிலும் டயர். எண்ணெயிலிருந்து எடுத்து உலரவைத்த கறுப்பு உளுந்துவடை மாதிரி, ஊர் முழுக்க.

"பழனியம்மா, இந்த டயரையெல்லாம் யாரு மேல வச்சது?"

"நாங்கதானுங்க."

"எதுக்கு?"

"எதுக்கா? நல்லாக் கேட்டீங்க போங்க. தரைல ஒரு டயருகூட இருக்கப்படாதுன்னு போன வருசம் மைக்குல கத்துனது ஆரு? லாரிக்காரங்க போட்டுட்டுப் போன டயரெல்லாம் ஊருல அங்கங்க கெடந்துச்சு. நீங்க அந்தக் கத்து கத்தவும் அத்தனையும் தூக்கி மேல போட்டோம். தரையும் சுத்தமாச்சு, தகரமும் காத்துக்கு நிக்குது."

என் சொல்லுக்கு இவ்வளவு சுத்தமாகக் கீழ்ப்படிந்த ஊரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. தரையில் ஒரு டயர் இல்லை. சுவரில் நான் எழுதிவைத்த வாசகமும் அதுதான். தண்ணீர் நிற்கக் கூடாது என்று எழுதியிருக்க வேண்டும். தரையில் இருக்கக் கூடாது என்று எழுதிவிட்டேன். டாக்டரம்மாவிடம் சொன்னதும் அவர் போனில் நான் அனுப்பிய பழைய படத்தைத் தேடி எடுத்து, இரண்டு விரலால் பெரிதாக்கிக் காட்டினார். சுத்தமான தெருவில் நான் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன். என் தலைக்கு நேர் மேலே கூரையில் டயர்.

"கிரீடம் மாதிரி இருக்கு சார்" என்றார்.

சிரித்து முடித்ததும் அவர் முகம் மாறிவிட்டது. தனியே கூப்பிட்டுச் சொன்னார். "சார், அந்தப் பொண்ணுக்கு இப்ப டெங்கு வந்தா எனக்குப் பயமா இருக்கு. காய்ச்சலோட பிரசவ வலியும் வந்து, ரத்தம் நிக்கலன்னா, இங்க வச்சு நான் என்ன செய்வேன்? மலையை விட்டு இறக்கணும். இறக்குற வரைக்கும் தாங்கணும். அவ வீட்டுக் கூரைலயே கொசுவை வளத்துட்டு அவளை வலைக்குள்ள வச்சிருக்கோம்."

உடனே மாவட்ட அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ஆட்கள் வேண்டும், வண்டி வேண்டும் என்றேன். மறுமுனையில் ஒரு இருமல். "நிஜக் காய்ச்சலா, மிளகுக் காய்ச்சலா?" என்றார் அதிகாரி. இன்னும் நாலு பேருடைய ரிப்போர்ட் வரட்டும், அடுத்த வாரம் பார்க்கலாம் என்று வைத்துவிட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. நான் விதைத்த மிளகுதான் அது.

அப்போது என் முன்னால் இருந்தது இவ்வளவுதான்: ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கலாம், அல்லது இருக்கிற ஆட்களை வைத்து ஆரம்பிக்கலாம். நாலு ரிப்போர்ட் என்றால் நாலு நோயாளி. கோகிலா அதில் ஒரு ரிப்போர்ட் ஆவதற்கு நான் ஏன் காத்திருக்க வேண்டும்? ஆரம்பித்துவிட்டோம்.

முதல் வேலை ஊரிடம் உண்மையைச் சொல்வது. மைக்கைப் பிடித்து ஏதாவது புதிய உத்தரவு வந்திருக்கிறது என்று சமாளிக்கலாமா என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். டாக்டரம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அதே ஜீப், அதே மைக். "போன வருஷம் நான் சொன்னது தப்பு. டயரைத் தரையிலிருந்து எடுக்கச் சொன்னேன், எங்கே வைக்கணும்னு சொல்லலை. இப்ப உங்க ஊர்க் கொசு பூரா கூரை மேலதான் பொறக்குது. டயரெல்லாம் கீழ இறங்கணும்."

கூட்டத்தில் ஊர்க்கவுண்டர் எழுந்தார். ஊருக்கு நல்லது கெட்டது அவர் சொல்வதுதான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார்: "அப்பறம் இந்த வருசம் சொல்றது தப்புன்னு எந்த வருசம் வந்து சொல்லுவீங்க?"

ஊரே சிரித்தது. நானும் சிரித்தேன். தம்பிகளே, அந்தச் சிரிப்பு எங்களுக்குப் பெரிய உதவி செய்தது. தப்பை ஒத்துக்கொண்டவனிடம் ஜனங்கள் கேள்வி கேட்பார்கள், கிண்டல் செய்வார்கள். ஆனால் கதவைச் சாத்த மாட்டார்கள்.

கவுண்டர் அடுத்துச் சொன்னது சிரிக்கிற விஷயம் இல்லை. "ஆடி வாசல்ல வந்து நிக்குது சார். மேல்காத்து கெளம்புனா அம்மியே பறக்கும்பாங்க. டயரை எறக்குனா தகரம் பட்டமாட்டப் போயிரும். கூரையில்லாத ஊட்டுக்குள்ள கொசு வந்தா என்ன, வராட்டி என்ன?"

நியாயம். டயரை எடுத்தால் கூரை போகும். வைத்தால் காய்ச்சல் வரும். முதலில் டயருக்குள் மருந்து ஊற்றினோம். சாயங்கால மழை வந்து டயரை நிரப்பி வழியவைத்து மருந்தையெல்லாம் தெருவுக்குக் கொண்டுபோய்விட்டது. பிறகு டயரில் ஓட்டை போடலாம் என்று வயரிங் வேலை செய்கிற ஒருவரிடம் டிரில் வாங்கிக்கொண்டு கூரை ஏறினேன். லாரி டயருக்குள் இரும்புக் கம்பி ஓடுகிறது என்பது லாரி வைத்திருக்கிறவனுக்குத் தெரியும். ஜீப்பின் பின் சீட்டில் உட்கார்ந்தே காலம் கழித்தவனுக்கு எப்படித் தெரியும்? டிரில் முனை உடைந்ததுதான் மிச்சம்.

கல் வைக்கலாம் என்றார் ஒருவர். உருண்டு தலையில் விழும் என்றார் கவுண்டர். சாக்கில் மண் நிரப்பி வைக்கலாம் என்றார் டாக்டரம்மா. தகரத்தில் சாக்கு வழுக்கும் என்றார் கவுண்டர். அந்த இடத்தில்தான், என் பணிக்காலத்தில் எனக்கு வந்த ஒரே நல்ல யோசனை வந்தது. இரண்டு சாக்கை ஒரு கயிற்றில் கட்டி, கூரை முகட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. கழுதை முதுகில் பொதி போடுகிற மாதிரி. ஒன்றை ஒன்று இழுத்துப் பிடித்துக்கொள்ளும், வழுக்காது. யூரியாச் சாக்கும் கிழங்குச் சாக்கும் எல்லா வீட்டிலும் இருந்தது. மண்ணுக்கு மலையில் பஞ்சமா?

கவுண்டர் கூரை முகட்டை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "கழுதைன்னதும் உங்களுக்கு யோசனை பளிச்சுன்னு வருதுங்க" என்றார். அது சம்மதம்.

ஒரு விதி மட்டும் வைத்தேன். எந்த வீட்டிலும் முதலில் மூட்டை ஏறட்டும், பிறகு டயர் இறங்கட்டும். வேகமாக முடிக்க வேண்டும் என்று எல்லா டயரையும் முதலில் இறக்கியிருந்தால் இந்தக் கதையை நான் இவ்வளவு தைரியமாகச் சொல்லிக்கொண்டிருக்க மாட்டேன். பாதி ஊர் முடிந்திருந்தபோது ஒரு மத்தியானம் காற்று சோதனைக்கு வந்தது போல ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனது. மூட்டை ஏறிய வீட்டில் மூட்டை பிடித்தது, டயர் இருந்த வீட்டில் டயர் பிடித்தது. ஒரு தகரம் நகரவில்லை. ஒருவரிடமிருந்து ஒரு பாதுகாப்பை எடுப்பதற்கு முன்னால் இன்னொன்றைக் கையில் கொடுத்துவிடுங்கள். நமக்குக் கொசு எதிரி. அவர்களுக்குக் காற்றும் எதிரி. நம் எதிரிக்காக அவர்களுடைய காவலாளியை அனுப்பிவிடக் கூடாது.

எல்லா வீட்டிலும் வேலை நடந்தது, பழனியம்மா வீட்டைத் தவிர. அவர் ஏணியையே எடுத்து உள்ளே வைத்துவிட்டார்.

"எல்லா ஊட்லயும் பண்ணுங்க. எங்கூட்ட உடுங்க."

"உங்க வீட்லதாம்மா முதல்ல பண்ணணும். உள்ள புள்ளத்தாச்சி இருக்குது."

"அதனாலதாஞ் சொல்றேன். ரண்டு வருசத்துக்கு முந்தி ஆடில, டயரு இல்லாதப்ப, எங்கூட்டுத் தகரம் பேந்து அக்கட்டால கெழங்குக் காட்டுல போய் விழுந்துச்சு. நாங் கண்ணால பாத்தேன். மழை பூரா அடுப்புல. இப்பப் புள்ளை பொறக்கப் போற ஊடு. மூட்டையெல்லாம் நாங் கண்டதில்லை. போன ஆடிக்கு டயரு நின்னுருக்குது, எனக்குத் தெரியும்."

"அம்மா, சார் என்னதான் சொல்றாருன்னு…" என்று கோகிலா வலைக்குள்ளிருந்து ஆரம்பித்தாள்.

"நீ பேசாத இரு சாமி."

அன்றைக்கே அவர் வீட்டுக்கு அடுத்த வீட்டில் ஒரு பெண்ணுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. சட்டப்படி நோட்டீஸ் கொடுத்து, ஆட்களை ஏற்றி, டயரை எடுத்துவிடலாம். அதிகாரம் இருந்தது. டாக்டரம்மாவிடம் சொன்னேன்.

"எடுத்துருவீங்க சார். நீங்க முதல் வளைவு இறங்குறதுக்குள்ள திரும்ப ஏத்திருவாங்க. அப்புறம் நான் மாத்திரை குடுத்தாலும் வாங்க மாட்டாங்க."

மறுபடியும் பழனியம்மா வாசலுக்குப் போனேன். இந்த முறை கொசுவைப் பற்றிப் பேசவே இல்லை. அவருக்குப் பயம் கொசுவைப் பற்றி இல்லையே.

"காத்து கெளம்பற அன்னைக்கு நான் வந்து உங்க கூரைக்கு அடியில உக்காந்துக்கறேன். காத்து நிக்கற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன். கூரை போச்சுன்னா முதல்ல என் தலைலதான் எல்லாம் விழும்."

அவர் என் தலையை மேலும் கீழும் பார்த்தார். "உங்க தலைல போறதுக்கு என்னங்க இருக்குது?"

வலைக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் கோகிலா. மகள் சிரிப்பதைப் பார்த்ததும் தாயின் முகம் கொஞ்சம் இளகியது.

"நெசமா வருவீங்களா?"

"வருவேன்."

"வரலைன்னு வைங்க, அத்தன டயரையும் கொண்டாந்து உங்க ஜீப்பு மேல அடுக்கிருவேன்." ஏணியை வெளியே எடுத்துப் போட்டார். "ஏத்துங்க மூட்டைய. ஒண்ணுக்கு ரண்டாக் கட்டுங்க."

மூன்று மடங்காகக் கட்டினோம். இறங்கிய டயரையெல்லாம் கிழங்கு ஏற்ற வந்த லாரியிலேயே ஏற்றி மலையை விட்டு அனுப்பினேன். அந்த லாரி கடைசி வளைவைத் தாண்டிவிட்டது என்று டிரைவர் போன் செய்யும் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. வழியில் எங்காவது இறக்கிவிட்டால் அந்த ஊருக்கும் நான்தானே மைக் பிடிக்க வேண்டும்?

முடிவைச் சொல்லிவிடுகிறேன். மூட்டை ஏறிய பிறகும் சிலருக்குக் காய்ச்சல் வந்தது. அப்படி வரும்போது மனம் உடைந்துவிடாதீர்கள். அது முன்பே பட்ட கடி. அவர்களை வலைக்குள் வைத்து டாக்டரம்மா கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ஒருவரையும் இழக்கவில்லை. பிறகு காய்ச்சல் ஒவ்வொன்றாகக் குறைந்து, ஒன்றுமில்லாமல் போனது. பக்கத்து ஊருக்குப் போகவில்லை, செம்மேடு சந்தைக்குப் போகவில்லை, ஆடிப் பெருக்குக்கு மலையேறி வந்த கூட்டத்தோடு சேர்ந்து கீழே இறங்கவில்லை. கோகிலாவுக்குக் காய்ச்சல் வரவே இல்லை. செம்மேட்டில் டாக்டரம்மா கையில் பெண் குழந்தை பிறந்தது, தாயும் சேயும் நலம். மாவட்ட அதிகாரி போன் செய்தார். இருமவில்லை. அடுத்த ஆனி வருவதற்குள் மலையில் மற்ற ஊர்களிலும் கூரை பார்த்துவிடுங்கள் என்றார். பார்த்தோம். இன்றைக்கும் கொல்லிமலையில் கழுதைப் பொதி மாதிரி மூட்டை தொங்குகிற தகரக் கூரையைப் பார்த்தால், அது என் கையெழுத்து. எனக்கு வேறு கல்வெட்டு வேண்டாம்.

நம் வேலையில் ஜெயித்தால் ஒன்றும் நடக்காது. ஒன்றும் நடக்காததற்கு யாரும் மாலை போட மாட்டார்கள். அதனால் நாமே அவ்வப்போது போட்டுக்கொள்ள வேண்டியதுதான். நான் போட்டுக்கொள்ளப் போன ஒரு தருணத்தை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

ஆடி பிறந்து சில நாளில், ஒரு காலையில் காற்று நிஜமாகவே கிளம்பியது. சில்வர் ஓக் மரங்கள் தலைவிரித்து ஆடின. சொன்ன சொல்லுக்காக ஜீப்பை எடுத்துக்கொண்டு போனேன். வழியில் முறிந்து கிடந்த கிளைகளை விலக்கி விலக்கித்தான் போய்ச் சேர முடிந்தது. பழனியம்மா கதவைத் திறந்து, வீட்டில் இருந்த ஒரே கட்டிலைக் காட்டினார். கூரைக்கு நட்ட நடுவில் அதைப் போட்டிருந்தார். நான் உட்கார்ந்தேன். கோகிலா சுவரில் கை ஊன்றி நின்றுகொண்டிருந்தாள். உட்காரச் சொன்னேன், நிற்பதுதான் சௌகரியம் என்றாள்.

காற்று வந்து மோதும்போதெல்லாம் தகரம் மூச்சு விட்டது. விட்டத்தைப் பிடித்துக்கொள்ளலாமா என்று என் கை தானாக எழும், பழனியம்மா பார்ப்பார், கையை அப்படியே தலைக்குக் கொண்டுபோய்ச் சொறிந்துகொள்வேன். மனதுக்குள் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன், தெரியாத சாமிகளுக்கும் ஒரு பொதுக் கும்பிடு போட்டேன். மத்தியானம் வரை அப்படியே போனது. பிறகு காற்று கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. கடைசியாக ஒரு முட்டு முட்டிவிட்டு நின்றது. வெளியே போய்ப் பார்த்தேன். ஊரில் ஒரு கூரை அசையவில்லை. மூட்டைகள் தொங்கிய இடத்திலேயே தொங்கிக்கொண்டிருந்தன.

உள்ளே வந்து, கட்டிலில் கால்மேல் கால் போட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். இவ்வளவு நாள் பட்ட கிண்டலுக்கெல்லாம் ஒரு வட்டியாவது வசூல் செய்யாவிட்டால் எப்படி? தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தேன்.

"பாத்தீங்களா பழனியம்மா? கூரை நிக்குமுன்னு சொன்னேன், நின்னுச்சு. காய்ச்சல் அடங்குமுன்னு சொன்னேன், அடங்குது. அடுத்தது என்ன வரும்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்கறதுதாம்மா எங்க வேலையே. இந்த மலைல என்ன வரப்போகுதுன்னு என்னைக் கேக்காம ஒண்ணும் வராது."

பழனியம்மா மகளின் முதுகைத் தடவிக்கொண்டே என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"கட்டில உட்டு எந்திரிங்க, அவளுக்கு வலி எடுத்துருச்சு."